நனைந்த கறுப்பு

கல்லைத் தெரிவுசெய்த அன்று மழை.
காத்தான்குடிக் கடையின் பின்முற்றத்தில்
தகரத்துக்கு வெளியே, ஒரு மரத்தட்டு நிறைய.
கத்தரிக்காய்த் தோலின் கறுப்பு,
ஓரங்களில் மட்டும் செம்பு மாதிரி ஒரு துரு.
உள்ளே மினுங்கிக்கொண்டிருந்த
பளிங்குப் போலிகளைத் தாண்டி
குடை இல்லாமல் அதனிடம் போனேன்.
"எண்பது சதுர அடி" என்றேன்,
விலை கேட்க முன்பே.
பதினொரு வருஷம் தையல் கூலிக்கும்
பொத்தானுக்கும் பேரம் பேசிய வாய் அது.

மழை விட்டு மூன்றாம் நாள் லொறி வந்தது.
கல்லடியில், என் புதுக் கடையின் நடுவே
பெட்டியைத் திறந்தால்
சாம்பல்.
இல்லை, சாம்பலுக்கும் ஒரு வெதுவெதுப்பு உண்டு.
இது வங்கிக் கடித உறையின் உள்பக்க நிறம்.
கடைக்குக் கோல் எடுத்தேன்:
"கல் மாறி வந்திட்டுது."
"மாறல்ல மிஸ். காஞ்சிட்டுது."

ஏறாவூரிலிருந்து ஹில்மி பாஸ் வந்தார்.
சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார்.
மூன்று இடத்தில் கோறைச் சத்தம்.
பூச்சை உடைத்துப் புதிதாய்ப் பூசி, காயவிட்டு
ஒரு கிழமை போனது.
மறுகா ஒட்டுவார் என்றிருந்தேன்,
அவரோ தரையில் பரப்பினார்.
தடித்தது சுவரோரம், மெலிந்தது வாசலோரம்,
துரு ஓடியதெல்லாம் என் மேசைக்குக் கீழே.
"துருவ எல்லாம் ஒரு மூலைக்குப் போட்டா
சொறி மாதிரிக் கிடக்கும் தங்கச்சி.
பரத்தி விடுவம்."

நூல் கட்டினார். மட்டம் பார்த்தார்.
கீழ் வரிசைக்கே ஒரு முழுப் பகல்.
"இது கோணினா, மேல போய்
கூரையில காட்டிக் குடுக்கும்."
அது எனக்கு விளங்கியது.
நூலோட்டம் பார்க்காமல் வெட்டிய பாவாடை
எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும்
ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே நடக்கும்.

கல் வெட்டும்போது உதவிப் பொடியன்
போத்தலால் தண்ணீர் ஊற்றினான்.
அலகு போகும் வழியில்
ஒரு விரல் அகலத்துக்கு
அந்த மழைநாள் வந்து வந்து போனது.

"சீலர் அடிச்சா எப்பவும் நனைஞ்ச மாதிரி நிக்கும்.
சும்மா விட்டா கடல் காத்துக்கு உப்புப் பூக்கும்.
உங்கட விருப்பம்."
மிஞ்சிய துண்டில் பாதிக்கு அடித்துக் காட்டினார்.
கட்டாரில் விபுலன் வீடியோவில் பார்த்து
"ரெண்டும் கறுப்புத்தானே" என்றார்.

பெட்டியில் கிடந்த மஞ்சள் பட்டுத் துண்டை
முதலில் நனைந்த பாதியில் பிடித்தேன்.
கல் அதற்கு மேலாய்ப் பளபளத்தது,
கலியாண வீட்டில்
பெண்ணைவிட அதிகம் உடுத்தி வந்த மச்சாள் மாதிரி.
காய்ந்த பாதியில் பிடித்தேன்.
கல் சத்தம் போடவில்லை.
மஞ்சள் மஞ்சளாய் இருந்தது.

சனம் துணி பார்க்கத்தானே வரும்.

"நிறம் மாறாத சீலரும் இரிக்கி,
கொழும்பில இருந்து எடுக்கோணும், விலை கூட."
இந்தத் தரம் விலை கேட்டேன்.
இருநூறு ரூபாய் குறைத்தும் விட்டேன்.
சுவர் முழுக்க அதை அடித்தார்கள்.
இஸ்திரி மேசைக்குப் பின்னால்
ஒரேயொரு கல்லை மட்டும் விடச் சொன்னேன்.
ஹில்மி பாஸ் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்,
ஏன் என்று கேட்கவில்லை.
தூரிகை அதைச் சுற்றிக் கிறுகிப் போனது.

ஆட்கள் இல்லாத மத்தியானங்களில்
இஸ்திரிக்குத் தெளிக்கும் போத்தலை
அந்தக் கல்லுக்கு நேரே ஒருதரம் அமுக்குவேன்.
கத்தரிக்காய்த் தோல். செம்பு.
ஒரு பிளவுஸ் கை மடிக்குமுன் காய்ந்துவிடும்.

மார்கழியில் அதன் கீழ் ஓரம்
வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது.
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.
உப்புத்தான்.
ஹில்மி பாஸுக்கு இன்னும் சொல்லவில்லை.